துறைமுகத்தால் வளர்ந்தது யாருடைய ஊர்?



இந்த நினைவுப் பேருரைக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னபோது, இலக்கியப் பேரவைக்கும் துறைமுகத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என் பதில் இது: நம் மக்கள் எங்கே வேலை செய்கிறார்கள், அந்த வேலை எப்படி அவர்கள் கையைவிட்டுப் போகிறது என்று தெரியாமல் நம் இலக்கியம் அவர்களைப் பற்றி எழுத முடியாது. துறைமுகத்தைப் பொருளாதாரப் பேராசிரியர்களிடமும் கப்பல் முகவர்களிடமும் மட்டும் விட்டுவைக்க நமக்கு அனுமதியில்லை.

துறைமுகம் வந்தால் ஊர் வளரும் என்று எல்லா ஆட்சியாளர்களும் சொல்கிறார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் 'ஊர்' என்ற சொல்லைக் கேட்டவுடனே நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தமிழில் ஊர் என்றால் சேரி அதற்குள் இல்லை. ஊர்க் கிணறு, ஊர்ப் பொது, ஊர்த் திருவிழா எல்லாவற்றிலும் ஊர் என்றால் யார், யார் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஊர் வளர்ந்தது என்று ஒருவர் சொல்லும்போது, எந்த ஊர், அதில் எந்தத் தெரு என்று கேட்பது நம் கடமை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். துறைமுகப் பொருளாதாரத்தில் அந்த ஐந்தில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் இந்த உரையின் கேள்வி.

கப்பலேறிய முதல் சரக்கு

தூத்துக்குடியின் பழைய துறைமுகம் இன்றைக்கு நாம் பார்க்கும் துறைமுகம் அல்ல. மன்னார் வளைகுடா கரையோரத்தில் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. கப்பல் கடலுக்குள் சில மைல் தள்ளி நங்கூரமிடும். கரையிலிருந்து தோணிகள் சரக்கை ஏற்றிப் போய்க் கொடுத்து, வந்த சரக்கை வாங்கி வரும். ஒரு மூட்டை கரையில் ஒருமுறை, தோணியில் ஒருமுறை, கப்பலில் ஒருமுறை என்று கைமாறும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தலையும் தோளும் வேண்டும். ஆழமில்லாத கடல், ஏராளமான சுமைக்காரர்களைக் கேட்டது.

முத்துக்குளிப்புக்காகப் போர்த்துக்கீசியரும், 1658-க்குப் பிறகு டச்சுக்காரரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் இந்தக் கரையைப் பிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பருத்திதான் முக்கியச் சரக்கு. கரிசல் காட்டுப் பருத்தியைக் கரைக்குக் கொண்டுவர 1876-ல் ரயில் பாதை வந்தது. பாடப் புத்தகங்கள் முத்தைச் சொல்கின்றன, பருத்தியைச் சொல்கின்றன. இன்னொரு சரக்கைச் சொல்வதில்லை. அது மனிதர்கள்.

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆட்களைக் கங்காணிகள் திரட்டினார்கள். அப்படிப் போனவர்களில் பள்ளர், பறையர், சக்கிலியர் எனப்பட்ட மக்கள் பெரும் பங்கு. 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும்வரை கொழும்புக்குப் போகும் முக்கியக் கடல்வழிகளில் ஒன்று தூத்துக்குடி. ஊரில் பண்ணையாள், கப்பலில் மேல்தட்டுக் கூலி, தோட்டத்தில் லயத்து ஆள். துறைமுகம் அந்த மூன்றையும் இணைத்த கண்ணி. துறைமுகத்துக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அங்கிருந்து தொடங்குகிறது.

இதே கரையில்தான் 1906-ல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அவருடைய ஆதரவோடு நடந்தது. கப்பல் ஓட்டியதற்காகவும் தொழிலாளரைத் திரட்டியதற்காகவும் சிறையில் செக்கிழுத்தவர் அவர். 2011-ல் துறைமுகத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. பெயர் வைத்ததோடு தொழிலாளர் போராட்டத்தின் நினைவும் அந்த வாயிலில் இருந்தாக வேண்டும். பெயர்ப்பலகையில் வ.உ.சி.யை வைத்துக்கொண்டு, உள்ளே எல்லா வேலையையும் ஒப்பந்தத்துக்கு விடுவது எந்த மரியாதை?

இரண்டு தேதிகள்

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று இரண்டு பிரதமர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்குப் போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரம், நவம்பர் 5 அன்று, அதே லால்பகதூர் சாஸ்திரி தூத்துக்குடியில் புதிய துறைமுகப் பணிகளைத் தொடங்கிவைத்தார்.

இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் நம் வரலாற்றில் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இந்தக் கரையைக் கடந்து போன உழைப்பாளர்களின் பேரப்பிள்ளைகளை எண்ணிக்கையாகப் பிரித்த அதே நாட்களில், அதே கரையில் 'வளர்ச்சி' தொடங்கியது. திரும்பி வந்தவர்களுக்கு அந்த வளர்ச்சியில் இடம் ஒதுக்க வேண்டும் என்ற நினைப்பு எந்தத் திட்டத்திலும் இருக்கவில்லை.

புதிய துறைமுகம் முழுக்கச் செயற்கையானது. வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அந்தச் சுவர்களுக்கு நடுவே உள்ள அமைதியான நீரில் கப்பல் நேராகத் தளத்தில் வந்து நிற்கிறது. 1974 ஜூலை 11 அன்று இது நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 1979 ஏப்ரல் 1 முதல் பழைய துறைமுகமும் புதியதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன.

துறைமுகம் எப்படி ஊரை நடத்துகிறது

துறைமுகம் தனியாக எதையும் விளைவிப்பதில்லை, செய்வதும் இல்லை. கடந்துபோகும் சரக்கிலிருந்துதான் அது வாழ்கிறது. அதனால் அதன் பொருளாதாரத்தைப் பார்க்க மதிலுக்குள் மட்டும் பார்த்தால் போதாது. சரக்கு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பரப்பைப் பின்நிலம் என்பார்கள்.

தூத்துக்குடியின் பின்நிலம் பெரியது. திருப்பூரின் பின்னலாடை, கரூரின் வீட்டு உபயோகத் துணி, சிவகாசி–சாத்தூர்–கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி, கிரானைட் கல், காற்றாலை இறக்கைகள் இந்த வழியாக வெளியே போகின்றன. நிலக்கரி, உரத்துக்கான மூலப்பொருள், மரத்தடி, சமையல் எண்ணெய், தோலோடு முந்திரி ஆகியவை உள்ளே வருகின்றன. துறைமுகத்தை ஒட்டித்தான் 1970-களில் உரத் தொழிற்சாலையும் அனல் மின்நிலையமும் வந்தன. 1,050 மெகாவாட் திறனுள்ள அந்த அனல் மின்நிலையத்துக்கு ஒடிசாவின் பாரதீப் போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பலில் கரி வந்தது. 2023–24-ல் தூத்துக்குடி கையாண்ட மொத்தச் சரக்கு சுமார் 4 கோடி டன். பெட்டகங்கள் ஆண்டுக்கு 7 லட்சம் என்ற அளவைத் தாண்டிவிட்டன.

இந்தச் சங்கிலியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்கும் பெண், பின்னலாடைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டும் பெண், கல்குவாரியில் வெடிமருந்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஆண், உப்பளத்தில் உப்பு வாருகிறவர், லாரியில் கிளீனர், கப்பல் அடித்தளத்தில் சிந்திய கரியைக் கூட்டுகிறவர். இவர்களில் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் எல்லாருடைய உழைப்பும் ஒரே வாயில் வழியாகக் கடலுக்குப் போகிறது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையும் படிப்படியாக அடுக்கிப் பிரித்துவைக்கிறது என்று 1936-லேயே அம்பேத்கர் விளக்கினார். துறைமுகச் சங்கிலி அந்த விளக்கத்துக்குக் கண்முன் இருக்கும் உதாரணம்.

உப்பை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களில் விளைகிறது. வெயில் ஏறும் முன் வேலையை முடிக்க விடியற்காலை இருட்டிலேயே இறங்க வேண்டும். பாத்தியை மிதிப்பது, உப்பை வாருவது, தட்டுமேட்டில் அம்பாரம் குவிப்பது. உப்புத் தண்ணீர் பாதத்தை அரிக்கிறது, வெள்ளைப் பரப்பின் கூச்சம் கண்ணைக் கெடுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை மழைக்காலத்தில் வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தமிழக அரசிடமிருந்து வந்தது அண்மை ஆண்டுகளில்தான். அதற்கு முன்பு அந்த மூன்று மாதத்தையும் முன்பணமும் வட்டியும்தான் ஓட்டின. முன்பணம் வாங்கியவர் அடுத்த ஆண்டும் அதே அளத்துக்குப் போயாக வேண்டும்.

மூன்று வளையங்கள்

துறைமுக வேலையை மூன்று வளையங்களாகப் பார்த்தால் விளங்கும்.

முதல் வளையம், துறைமுக நிர்வாகத்தின் நிரந்தரப் பணியாளர்கள். மாதச் சம்பளம், மருத்துவமனை, குடியிருப்பு, ஓய்வூதியம். இது அரசுப் பணி என்பதால் அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவின்படி இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் உள்ளூர் அளவில் நிரப்பப்படும் மத்திய அரசின் கடைநிலை, எழுத்தர் நிலைப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 19 விழுக்காடு. ஒரு சேரிக் குடும்பத்தில் ஒருவருக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை கிடைத்தால் அடுத்த தலைமுறை கல்லூரிக்குப் போகும். இந்த அரங்கிலேயே அப்படி வந்தவர்கள் இருக்கலாம்.

இரண்டாவது வளையம், மதிலுக்குள் வேலை செய்தாலும் துறைமுகத்தின் ஆள் அல்லாதவர்கள். சரக்கு ஏற்றி இறக்கும் நிறுவனம், தனியார் பெட்டக முனையம், துப்புரவு ஒப்பந்ததாரர், பாதுகாப்பு ஒப்பந்ததாரர் ஆகியோரின் கீழ் இருப்பவர்கள். இங்கே இடஒதுக்கீடு கிடையாது. ஒப்பந்தம் மாறினால் ஆளும் மாறலாம்.

மூன்றாவது வளையம், மதிலுக்கு வெளியே. உப்பளம், கிட்டங்கி, லாரி நிறுத்தம், பெட்டகம் நிரப்பும் நிலையம், டீக்கடை. இங்கே சட்டம் பெரும்பாலும் காகிதத்தில்தான்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். சரக்கு கூடக் கூட, முதல் வளையம் சுருங்கிக்கொண்டே வருகிறது. நாட்டின் பெருந்துறைமுகங்கள் அனைத்தும் சேர்ந்து 2016–17-ல் ஏறத்தாழ 65 கோடி டன் சரக்கைக் கையாண்டன. 2023–24-ல் அது ஏறத்தாழ 82 கோடி டன். அதே காலத்தில், துறைமுகப் பணியாளர்களுக்கான உற்பத்தித்திறன் ஊக்கத்தொகைத் திட்டத்தை மத்திய அமைச்சரவை நீட்டித்தபோதெல்லாம் பயன்பெறுவோர் எண்ணிக்கையையும் சொன்னது. 2017-ல் 37,870 பேர். 2020-ல் 28,821 பேர். 2024-ல் 20,704 பேர். ஏழு ஆண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட இடங்கள் இல்லாமல் போயின. அகில இந்திய அளவான 15 விழுக்காட்டை வைத்துக் கணக்கிட்டாலே, பட்டியல் சாதியினருக்குரிய 2,500-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் மறைந்துவிட்டன.

இடஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யவில்லை. அதை எதிர்த்து ஒரு சட்டம்கூட வரவில்லை. ஓய்வுபெற்றவரின் இடத்தை நிரப்பவில்லை, அவ்வளவுதான். அவர் செய்த வேலை இரண்டாம் வளையத்துக்குப் போனது. வேலை இருக்கிறது, உரிமை இல்லை. சத்தமில்லாமல் நடப்பதால் இதற்கு எதிராகச் சாலை மறியல்கூட நடப்பதில்லை.

வென்றதும் இழந்ததும்

முதல் வளையம் தானாக வந்ததல்ல. காலையில் துறைமுக வாசலில் கூட்டமாக நிற்க வேண்டும், மேஸ்திரி கைகாட்டியவருக்கு அன்றைக்கு வேலை, மற்றவர் வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் பழைய முறை. மேஸ்திரியின் சாதி, மேஸ்திரிக்குக் கொடுக்கும் பங்கு, இவைதான் தகுதி. அந்த முறைக்குக் கடிவாளம் போட 1948-ல் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பெயரைப் பதிவு செய்வது, முறை வைத்து வேலை கொடுப்பது, வேலை இல்லாத நாளுக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை கிடைப்பது என்ற ஏற்பாடுகளுக்கு அது வழி திறந்தது. அப்போது நாட்டின் தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன் ராம். தலித் தலைவர் ஒருவர் பொறுப்பில் இருந்த துறையிலிருந்து வந்த சட்டம் அது என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு பின்னடைவு தொடங்கியது. 1997-ல் அந்தச் சட்டத்தைப் பெருந்துறைமுகங்களுக்குப் பொருந்தாமல் செய்ய வழிவகுக்கும் இன்னொரு சட்டம் வந்தது. 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி ஒப்பந்தமுறை தடை செய்யப்பட்டாலும், அந்தத் தொழிலாளர்கள் தானாக நிரந்தரப் பணியாளர்களாகிவிட மாட்டார்கள் என்று 2001-ல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தூத்துக்குடியில் 1990-களின் இறுதியிலேயே தனியார் பெட்டக முனையம் வந்துவிட்டது. 2021-ன் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம், நிலமும் நீரும் அரசுடையது, இயக்குவது தனியார் என்ற அமைப்பை மேலும் உறுதிப்படுத்தியது. அரசு நில உரிமையாளர் ஆகிவிட்டது. நில உரிமையாளர் ஆட்களுக்குப் பொறுப்பேற்பதில்லை என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். தலைச்சுமை ஒழிந்து கிரேன் வந்தது நல்லதுதானே, கரிக்கூடையை யார் மறுபடி தலையில் ஏற்றச் சொல்வது? சரியான கேள்வி. தலைச்சுமையைப் போற்றிப் பாடும் ஆட்கள் நாம் இல்லை. கூடை ஒழியட்டும். கூடையைச் சுமந்தவரின் மகள் கிரேன் இயக்கும் இருக்கையில் உட்கார்ந்தாளா என்பதே நம் கேள்வி. இயந்திரம் வந்தபோது சுமை நம்மைவிட்டுப் போனது, அத்தோடு கூலியும் போனது. புதிய வேலைக்கான பயிற்சியும் உரிமமும் வேறு தெருக்களுக்குப் போயின.

உடைமையின் கதையும் இதுதான். துறைமுகத்தில் பணம் நிற்கும் இடங்கள் சுங்க முகவர் உரிமம், சரக்கேற்று நிறுவனம், லாரிகள், கிட்டங்கி, பெட்டக நிலையத்துக்கான நிலம். இவற்றுக்கு முதலும் பிணையும் உறவுவலையும் வேண்டும். நிலமில்லாதவரிடம் பிணை இல்லை. கடன் கேட்டு வங்கிக்குப் போகும் தலித் இளைஞரிடம் முதலில் கேட்கப்படுவதும் அதுதான்.

உப்பள நிலத்திலும் இதே சிக்கல். தனியார் நிலத்தைக் கையகப்படுத்தினால், 2013 நிலச் சட்டப்படி அங்கே மூன்று ஆண்டுகள் உழைத்து அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட நிலமற்ற தொழிலாளரும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் வரமுடியும். ஆனால் அரசு நிலத்தின் குத்தகை முடிந்து அது வேறு திட்டத்துக்குத் தரப்பட்டால் அங்கே கையகப்படுத்தலே இல்லை. உழைத்தவர் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டார்.

வேலைவாய்ப்பு என்ற சொல்லை வைத்து மக்களை வாயடைக்கும் முறையும் இங்கே புதிதல்ல. தாமிர உருக்காலைக்கு எதிராகப் பேசியவர்களிடம் வேலையையும் துறைமுக வருவாயையும்தான் காட்டினார்கள். 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. வேலை கொடுக்கிறோம் என்பவரிடம், எத்தனை வேலை, என்ன வேலை, யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் கேட்கும் உரிமையை அந்த ஊர் உயிர் கொடுத்து நிலைநாட்டியிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்

2024 பிப்ரவரியில் சுமார் 7,056 கோடி ரூபாய் மதிப்பிலான வெளித் துறைமுகப் பெட்டக முனையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுக்கான வேலைப் பங்கீடு அங்கே இப்போதே முடிவாகிறது. கான்கிரீட் காய்ந்தபிறகு கேட்டால் பயனில்லை. ஐந்து வேலைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். எத்தனை பணியிடம், எத்தனை காலி, எத்தனை ஒழிக்கப்பட்டது என்று ஆண்டுவாரியாக வாங்குங்கள். ஆய்வு மாணவர்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடையாது.

இரண்டு, பொதுச் சொத்தில் நடக்கும் ஒவ்வொரு தனியார் முனைய ஒப்பந்தத்திலும் சமூகவாரி வேலைவாய்ப்பு நிபந்தனை வேண்டும் என்று கேட்போம். நிலமும் கடலும் பொதுமக்களுடையவை. ஏலத்தில் வருவாய்ப் பங்கு கேட்கும் அரசு, வேலைப் பங்கும் கேட்கலாம்.

மூன்று, மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கையில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்ற இலக்கு இருக்கிறது. துறைமுகக் கொள்முதலை அந்த அளவுகோலால் அளந்து பார்த்து வெளியிடுவோம்.

நான்கு, கிரேன், பெட்டகம் தூக்கும் வண்டி, சுங்க ஆவணப் பணி ஆகியவற்றுக்கான பயிற்சியில் உப்பளத் தொழிலாளர், துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இடம் கேட்போம்.

ஐந்து, உப்பளத்தில் உழைக்கிறவர் ஒவ்வொருவருக்கும் நலவாரியப் பதிவும், எந்த அளத்தில் எத்தனை ஆண்டு என்ற சான்றும் இருக்க வேண்டும். நிலம் கைமாறும் நாளில் அந்தத் தாள்தான் பேசும்.

கடைசியாக எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். உப்பளத்தை ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதினார். அந்த மண்ணுக்குள்ளிருந்து ஸ்ரீதர கணேசன் 'உப்பு வயல்' எழுதினார். இரண்டாம் வளையத்து மனிதர்கள், அடையாள அட்டையில் ஒப்பந்ததாரர் பெயரும் முதுகில் கரித்தூளுமாக வெளியே வருகிறவர்கள், இன்னும் நம் பக்கங்களில் போதுமான அளவு வரவில்லை. அவர்களிடம் போய்ப் பேசுங்கள். ஷிப்ட் முடியும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். கூலிச் சீட்டைப் பார்க்கக் கேளுங்கள். கதையும் அங்கே இருக்கிறது, வழக்குக்கான ஆதாரமும் அங்கேதான் இருக்கிறது.

தலித் இலக்கியம் பண்ணையாளின் முதுகுத் தழும்பை எழுதி உலகத்தைப் பார்க்க வைத்தது. நிரப்பப்படாத பணியிடத்துக்குத் தழும்பு கிடையாது, அதனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. அதைப் படவைப்பது இந்தத் தலைமுறையின் வேலை. அந்தப் பதிவேட்டை வாங்கி வாருங்கள். அடுத்த நினைவுப் பேருரையை அதிலிருந்து தொடங்கலாம்.

ஜெய் பீம்.